வலை விரியும் துறைமுகம்

திருகோணமலை என்றவுடன் உலகம் போர்க்கப்பல்களையே நினைக்கின்றது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1639இற் கைப்பற்றியமை, 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதனை மாறி மாறிப் பிடித்தமை, 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தமை, 1957 ஒக்டோபரிற் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்புவித்தமை ஆகிய இவையெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் நாம் நெட்டுருச் செய்தவை. இத்தனை கொடிகளும் ஏறியும் இறங்கியும் போன காலமெல்லாம், எந்தக் கொடியையும் பொருட்படுத்தாது நாள்தோறும் இதே நீரிற் கலஞ்செலுத்தி வந்த ஒரு மக்கட் கூட்டம் உண்டு. பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பும் இல்லை.

நெய்தல் நிலத்துப் பரதவர் வாழ்க்கையைச் சங்கச் செய்யுட்களிற் பயின்று, அதற்குப் பொழிப்பும் எழுதிப் புள்ளி பெற்றவர் நாம். வகுப்பறையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அவ்வாழ்க்கையை நேரிலே காணலாம். எனினும் வலைக்கும் மடிக்கும் வேறுபாடு அறியாமலே நம்மிற் பலர் கல்லூரிப் படியிறங்கிவிடுகின்றோம். அக்குறையைச் சிறிது தீர்க்கும் நோக்குடன், இத்துறைமுக வட்டாரத்துக் கடற்றொழிலின் இயல்பினையும் அதன் இன்றைய நிலையினையும் யாம் அறிந்த அளவில் இங்கே விளக்கப் புகுகின்றோம்.

நீரின் அமைப்பு

ஓரிடத்தில் மீன் கூடுவது தற்செயல் அன்று. திருகோணமலையின் நீரமைப்பை ஒருமுறை மனத்தில் வரைந்து பார்த்தால் காரணம் விளங்கும். நகரத்தின் ஒரு புறம் திறந்த கடல். கோணமாமலையும் கோட்டையும் அக்கடலினுள் மூக்குப்போல நீண்டு நிற்கின்றன. மறுபுறம் குன்றுகள் சூழ்ந்த உட்டுறைமுகம். அதற்குத் தெற்கே அகன்று கிடப்பது கொட்டியாரக் குடா. மேற்கே, கிண்ணியாவின் ஒடுங்கிய வாயிலினூடாக உள்ளே சென்றால் தம்பலகாமக் குடா எனப்படும் ஆழங்குறைந்த களப்பு. இந்நான்கும் ஒன்றோடொன்று தொடுப்புண்டவை; எனினும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீனும் தனித்தனித் தொழிலும் உண்டு.

இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. மலைநாட்டு மண்ணையும் வயலின் வண்டலையும் அஃது உடன்கொண்டு வருகின்றது. அவ்வண்டல் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றது. நுண்ணுயிர்கள் சாளைக்கும் சூடைக்கும் நெத்தலிக்கும் உணவாகின்றன. அவற்றைத் துரத்திக்கொண்டு பாரையும் சீலாவும் அறுக்குளாவும் வருகின்றன. ஆற்றுமுகத்துச் சேற்றுநிலமும் கண்டற் காடுகளும் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டிலாயிருக்கின்றன.

இன்னொரு வியப்பு நீரினடியில் இருக்கின்றது. குடாவின் வாயிலிலிருந்து தொடங்கிக் கடலினுள்ளே பெரியதொரு பள்ளத்தாக்கு இறங்கிச் செல்கின்றது. மற்றைக் கரைகளிற் பல மைல் தூரம் சென்றாற் கிட்டும் ஆழம் இங்கே கரைக்கு அண்மையிலேயே கிட்டிவிடுகின்றது. அதனாலேதான் நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த்திமிங்கிலமும் கரையிலிருந்து எட்டிய தொலைவிற் காணப்படுகின்றன. சிறு படகிற் செல்லும் தொழிலாளி ஒரே இரவில் சூரை உலாவும் ஆழ்நீரையும் தொட்டுத் திரும்புவதற்கு ஏது இதுவே.

தம்பலகாமக் குடாவின் பெருமை வேறு. வெற்றிலைபோல் மெல்லியதும் ஒளி ஊடுருவுவதுமான ஓடுடைய ஒருவகைச் சிப்பி அங்கே விளைந்தது. அதன் சிறு முத்துகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசினர் அக்களப்பைக் குத்தகைக்கு விட்டனர். மன்னார்ச் சலாபத்தின் முத்துக்கு முடியேறும் தகுதி இருந்தது. தம்பலகாமத்து முத்தோ பெரும்பாலும் மருந்துக்கும், செல்வர் வெற்றிலையோடு மெல்லும் சுண்ணத்துக்குமே பயன்பட்டது.

இரு காற்றும் ஓராண்டும்

நகரத்தார்க்கு ஆண்டு தை மாதத்திலே பிறக்கின்றது. கடற்றொழிலாளிக்கோ காற்று மாறும்போது பிறக்கின்றது. ஏறத்தாழ மே முதல் செத்தெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை இப்பகுதியார் கச்சான் என்பர். அக்காற்று இலங்கை நிலத்தைக் கடந்து வருதலின் கிழக்குக் கரையோரக் கடல் பெரும்பாலும் தணிந்து கிடக்கும். அதே காலத்தில் மேற்குக் கரையில் அலை மலைபோல் எழும். நவம்பர் முதல் பெப்ருவரி வரை வாடை வீசும்போது நிலைமை தலைகீழாகும். கிழக்குக் கடல் கொந்தளிக்கும், மழை பொழியும், புயலும் அக்காலத்திலேயே தோன்றும்.

இதனால் விளைந்த வழக்கம் ஒன்று உண்டு. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையூர்களின் தொழிலாளர், தங்கள் கடல் கலங்கும் மாதங்களிற் குடும்பத்தோடும் வலையோடும் இப்பகுதிக்கு வந்து, கரையில் ஓலைக்குடில் அமைத்துத் தொழில் செய்தனர். அக்குடிற்றொகுதிக்கு வாடி என்று பெயர். தமிழுஞ் சிங்களமும் கலந்து பேசப்பட்ட வாடிகளில், பருவந்தோறும் பழகிய முகங்கள் மீண்டும் சந்தித்தன. கரையுரிமை பற்றிய பிணக்குகளும் அங்கே எழுந்ததுண்டு. ஒரே சட்டியிற் குழம்பு பகிர்ந்துண்ட நட்பும் வளர்ந்ததுண்டு. இரண்டையும் சொல்லுதலே நேர்மை.

கச்சான் காலத்துக் கடலை அமைதியானது என்று நம்பிவிடவும் கூடாது. அக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டால், காற்று அதனைக் கரைக்குக் கொண்டுவராது. மேலும் மேலும் ஆழத்துக்கே தள்ளிச்செல்லும். அலையற்ற கடலிற் காணாமற்போன படகுகளின் கதை இக்கரையூர்கள் பலவற்றில் உண்டு. வாடைக்காலத்துக் கடல் தன் கோபத்தை முகத்திற் காட்டும். கச்சான் காலத்துக் கடல் சிரித்துக்கொண்டே கொண்டுபோய்விடும்.

ஓரிரவும் ஒரு காலையும்

இன்று இவ்வட்டாரத்திற் பெருவழக்காயுள்ள கலம், ஏறத்தாழ 18 முதல் 23 அடி வரை நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. அதன் பின்புறத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டப்பட்டிருக்கும். இருவர் அல்லது மூவர் அதிற் செல்வர். கட்டுமரமும் தோணியும் பாயும் துடுப்பும் ஆண்ட காலம் 1950களின் பிற்பகுதியில் இயந்திரம் வரத்தொடங்கியபின் மெல்ல மெல்ல மறைந்தது. எனினும் களப்பிலும் கரையோரத்திலும் சிறு தோணிகள் இன்னும் ஊர்கின்றன.

பெருமீன் நாடுவோர் பொழுது சாயும் வேளையிற் புறப்படுவர். திருக்கடலூர், சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளி, குச்சவெளி, மூதூர், கிண்ணியா என்று எக்கரையை எடுத்தாலும் மாலையிற் காணும் காட்சி ஒன்றே. மணலிலிருந்து படகைத் தள்ள நான்கு கைகள், கரையில் நின்று பார்க்கும் சிறுவர், ஒரு கலன் குடிநீர், சோற்றுப்பொதி. வலையை நீரில் விடுவதற்கு அந்திப்பொழுதைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. செவுள்வலை என்பது நீரிற் சுவர்போலத் தொங்குவது. மேல்விளிம்பில் மிதப்பும் கீழ்விளிம்பில் ஈயமும் அதனை நிமிர்த்தி நிறுத்துகின்றன. மீன் அதனைக் காணாதபோதே அதிற் செருகும். தலை நுழைந்து உடல் நுழையாது, பின்வாங்க முயலும்போது செவுள் கண்ணியிற் சிக்கிக்கொள்கின்றது. ஆகவே வலைக்கண்ணின் அளவே எந்த மீன் பிடிபடும், எந்த மீன் தப்பும் என்பதை விதிக்கின்றது. இவ்வொரு செய்தியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம், பின்னர் உதவும்.

இருட்டு வலைக்குத் துணை. நிலவு அதற்குப் பகை. பூரணையை அடுத்த இரவுகளில் நீரினுள்ளேயும் ஒளி பரவுதலின் வலை மீனுக்குத் தெரிந்துவிடுகின்றது. கூட்டமாய் மேலெழும் மீனும் சிதறிவிடுகின்றது. ஆதலால் நிலாக்காலத்திற் பலர் கடல் செல்லாது வலை பொத்துவதிலும் இயந்திரம் பழுதுபார்ப்பதிலும் ஈடுபடுவர். உவாநாளிற் பரதவர் கடன்மேற் செல்லாது கரையில் மகிழ்ந்திருந்ததைப் பட்டினப்பாலை கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் புலவர் கண்டெழுதியதைத் திருகோணமலைத் தொழிலாளி இன்றும் பின்பற்றுகின்றான். இலக்கியம் படித்தோர்க்கு இது மரபு. கடல் படித்தோர்க்கு இது கணக்கு.

சூடை, சாளை, கீரி போன்ற சிறுமீன் நாடுவோர் விடியற்கு முன் புறப்பட்டுக் காலையிலே திரும்புவர். இருவகையாரும் வழியறிய விண்ணையும் மண்ணையும் துணைக்கொண்டனர். இரவில் விடிவெள்ளியும் அறுமீனும். பகலிற் கோணமாமலையின் முனையும் உள்நாட்டுக் குன்றுகளின் முடியும். இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, வேறிரண்டை இன்னொரு கோட்டில் நிறுத்தினால், அக்கோடுகள் வெட்டும் இடமே பாரும் மீனும் உள்ள இடம். நாம் கேத்திரகணிதத்திற் கற்ற பாடத்தை அவர்கள் ஆசிரியரின்றிக் கற்றனர். இன்று செய்மதி காட்டும் சிறுகருவி அவ்வேலையைச் செய்கின்றது. கருவியின் மின்கலம் தீர்ந்தபோது பழைய கல்வியே படகைக் கரை சேர்க்கின்றது.

கரைவலை இழுத்தல்

ஆழ்கடல் செல்லாது கரையிலிருந்தே செய்யுந் தொழில் கரைவலை. ஒரு கயிற்றின் நுனியைக் கரையிற் சிலரிடம் விட்டு, தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலினுட் சென்று, பிறைபோல வளைத்து வலையை இறக்கி, மற்றைக் கயிற்றின் நுனியோடு கரையின் வேறோரிடத்தில் வந்து சேரும். பின்னர் இரு புறத்தாரும் ஒரே தாளத்தில் இழுப்பர். இரு கைகளும் நெருங்க நெருங்க மீன் நடுவிலுள்ள மடியினுள் ஒதுங்கும். இழுப்போர் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். அது பொழுதுபோக்குக்காகப் பிறந்த பாட்டன்று. இருபது முப்பது பேரின் இழுவிசையை ஒரே கணத்தில் ஒன்றுசேர்க்கும் கருவி. இயந்திரத்தால் வலையிழுக்கும் வழக்கம் புகுந்த கரைகளில் அம்பா ஓய்ந்துவிட்டது.

வலை வளைக்கும் கடற்பரப்புக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு எவருக்கு உரியது, ஒரே பாட்டிற் பலர் இருப்பின் எவர் முதலில் வளைப்பது, எவர் அடுத்து என்பனவெல்லாம் ஊர்வழக்கும் அரசாங்க அனுமதியும் சேர்ந்து வகுத்த முறை. வலைக்குரிய முதலாளியைச் சம்மாட்டி என்பர். ஒரு கரைவலைக்கு வேண்டும் முதலும் ஆளும் மிகுதி. ஆதலின் அஃது ஒருவர் தனித்துச் செய்யத்தக்க தொழில் அன்று. கடலேற முடியாத முதியவரும், பள்ளிவிட்ட இளைஞரும், வேறு வேலையில்லாதாரும் கயிற்றிற் கைவைத்தால் அன்றைய பங்குக்கு உரியராவர். ஊரின் ஏழைக்குக் கடல் திறந்துவைத்த கதவு அது.

கொட்பேத் துறை

சீனக்குடாவுக்கு அண்மையில், உட்டுறைமுகத்தின் ஓர் ஒதுக்கத்தில் அமைந்துள்ளது கொட்பே மீன்பிடித் துறைமுகம். 1972இல் நிறுவப்பட்ட இலங்கை மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் உள்ள துறைகளுள் இஃதொன்று. மணற்கரையில் ஏற்ற முடியாத பெரிய கலங்கள் இங்கே கட்டப்படுகின்றன. இவற்றைப் பலநாட்கலம் என்பர். ஐந்தாறு பேர் பனிக்கட்டியும் எரிபொருளும் அரிசியும் நீரும் ஏற்றிக்கொண்டு சென்றால், வாரக்கணக்கிற் கடலிலே தங்குவர். சூரையும் அதன் இனத்துப் பெருமீன்களும் மயில்மீனும் அவர்களது நாட்டம்.

இக்கலங்கள் சர்வதேச நீரிலும் தொழில் செய்தலின் சர்வதேச விதிகளும் அவற்றைத் தொடர்கின்றன. கட்டுப்பாடற்ற மீன்பிடியைக் காரணங்காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடைவிதித்தது. 2016இல் அத்தடை நீங்கியது. அதன்பின் கலம் நிற்குமிடத்தைச் செய்மதி வழியாகக் கரைக்கு அறிவிக்கும் கருவியும், பிடித்ததைப் பதியும் குறிப்பேடும் வற்புறுத்தப்பட்டன. பாட்டன் அறுமீன் பார்த்துச் சென்ற கடலிற் பேரனைச் செய்மதி பார்த்துக்கொண்டிருக்கின்றது.

துறைமுகத்தின் உயிர் பனிக்கட்டியே. வெப்ப நாட்டில் மீன் இறந்த கணத்திலிருந்தே கெடத் தொடங்கும். ஒரு பங்கு மீனுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு பனிக்கட்டி வேண்டும் என்பது பொதுவான அளவு. சூரை இனத்து மீன் வெயிலிற் கிடந்தால் அதன் தசையில் இசுத்தமைன் என்னும் நஞ்சு உண்டாகின்றது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. உண்டவர்க்கு முகஞ்சிவந்து, தலைவலித்து, உடல் தடிக்கும். மீன் ஒவ்வாமை என்று பலர் எண்ணுவது சில வேளைகளிற் பனிக்கட்டி ஒவ்வாத சிக்கனமே. செவுள் செந்நிறமாகவும், கண் தெளிவாகவும், அழுத்திய தசை மீண்டெழுவதாகவும் உள்ள மீனே நல்ல மீன் என்று மனைவியர்க்கு மட்டுமன்றிச் சந்தைக்குப் போகும் பழைய மாணவர்க்கும் நினைவூட்டுகின்றோம்.

ஏலமும் பங்கும் கடனும்

படகு கரைதட்டியதும் கடலின் கணக்கு முடிந்து நிலத்தின் கணக்குத் தொடங்குகின்றது. மீனை இனம் பிரித்துக் குவிப்பர். ஏலங்கூறுபவர் குரலெடுப்பார், சுற்றி நிற்கும் வியாபாரிகள் விலை ஏற்றுவர். சில கணங்களில் ஓரிரவின் உழைப்புக்கு விலை விழுந்துவிடும். சிறு வியாபாரி தன் கூறைப் பெட்டியிலிட்டு மிதிவண்டியிலோ மோட்டார்ச் சைக்கிளிலோ உள்ளூர்க்கு விரைவார். மொத்த வியாபாரியின் மீன் பனிக்கட்டியுடன் லொறியேறிக் கொழும்பை அடுத்த பேலியகொடைச் சந்தைக்குப் போகும். அங்கே அன்று விழும் விலையே மறுநாள் இக்கரையின் விலையை ஆட்டிவைக்கும். 2020 ஒக்டோபரில் கொரோனாத் தொற்றினால் அச்சந்தை மூடப்பட்டபோது, மீனைப் பிடித்தும் விற்கவொண்ணாத நிலை இங்கே உண்டாயிற்று.

வந்த பணத்தில் எரிபொருட் செலவும் உணவுச் செலவும் முதலிற் கழிக்கப்படும். எஞ்சியது பங்காகும். கலத்துக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் உரியவர்க்கு ஒரு பகுதி. உழைத்தோர்க்கு ஒரு பகுதி. வீதம் கரைக்குக் கரை வேறுபடும். மாதச் சம்பளம் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. மீன் பட்டால் பங்கு. படாவிட்டால் பசியிலும் பங்கு. இம்முறைக்கு ஒரு சிறப்பும் உண்டு: ஒரே படகிற் செல்வோர் கூலியாட்களாக நில்லாது கூட்டாளிகளாகின்றனர்.

ஆயினும் பங்கிற்கு முன்னரே பலருடைய கையைக் கடன் கட்டிவிடுகின்றது. வலை கிழிந்தாலும் இயந்திரம் பழுதானாலும் முற்பணம் தருபவர் மீன் முதலாளி. அவர் வட்டி கேளாமலும் இருக்கலாம். ஆனால் பிடித்த மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்பது எழுதாத உடன்படிக்கை. வங்கி கேட்கும் பிணையைக் கடற்றொழிலாளியாற் காட்டமுடிவதில்லை; முதலாளி கேட்கும் பிணையோ நாளைய மீன்; அது மட்டுமே அவனிடம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள் இக்கட்டை அவிழ்க்கவே தோன்றின. நன்கு நடக்கும் சங்கம் உள்ள ஊரிற் கடனின் கழுத்துப்பிடி தளர்ந்திருப்பதைக் காணலாம்.

பெண்களின் உழைப்பை இக்கணக்கில் எவரும் தனியே எழுதுவதில்லை. வலை பொத்துதல், மிகுந்த மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்குதல், களப்போரங்களில் மட்டி பொறுக்குதல், ஒரு நாள் வருவாயை வருவாயில்லாத நாட்களுக்கு நீட்டுதல் ஆகிய யாவும் அவர்கள் கையில் உள்ளன. வாடைக்காலம் முழுவதும் பல வீடுகளில் அடுப்பெரிவது கச்சான் காலத்துக் கருவாட்டாலும் அவர்கள் முடிந்துவைத்த சிறு பணத்தாலுமே.

இக்கரையில் இந்துக்களும் முசிலிங்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் அருகருகே தொழில் செய்கின்றனர். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகவும், ஞாயிறு பூசைக்காகவும், அம்மன் கோயிற் சடங்குக்காகவும் அவரவர் வலை அன்று உலரும். சல்லி முத்துமாரியம்மன் கோயிற் பொங்கல் வரும்போது கடற்கரை முழுவதும் ஊர்திரண்டு நிற்கும். கடலில் இயந்திரம் நின்ற படகைக் கண்டால், அதிலிருப்பவர் எவ்வூரார், எம்மதத்தார் என்று வினவாது கயிறெறிந்து இழுத்துவருவது எல்லார்க்கும் பொதுவான அறம்.

கரை கண்ட அடிகள்

1983 முதல் 2009 வரை நீடித்த போர், துப்பாக்கியோடு மட்டும் நில்லாமற் கடலையும் நேரத்தையும் பங்கிட்டது. எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தகைய இயந்திரம் பூட்டலாம் என்பனவெல்லாம் அனுமதிச் சீட்டுக்கு உட்பட்டன. இரவில் வலை விரிப்பவனை இரவிற் போகாதே என்றால் தொழிலை விடு என்பதே பொருள். பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. சிலர் திரும்பி வந்தனர், சிலர் வேறு நாடுகளிற் குடியேறினர், சிலர் வரவேயில்லை.

2004 திசெம்பர் 26ஆம் நாள், பூரணை விடுமுறை. காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மூதூர், கிண்ணியா, நிலாவெளி உட்பட இவ்வட்டாரத்துக் கரையெங்கும் வீடும் படகும் வலையும் ஒருங்கே அழிந்தன. உதவி வந்தது, படகும் வந்தது. சில கரைகளில் முன்னிருந்ததிலும் மிகுதியான சிறுபடகுகள் வந்தன. படகு கூடினாற் கரையோர மீன் கூடுவதில்லை என்னும் உண்மையை உதவியாளர் பின்னரே உணர்ந்தனர்.

2022இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்தபோது மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் எரிக்கும் படகை எடுத்துக்கொள்வோம். முன்னர் 1,740 ரூபாவாயிருந்த செலவு ஒரே நாளில் 6,800 ரூபாவாயிற்று. வலை வெறுமையாய்த் திரும்பும் நாளில் அப்பணம் கடனாக எஞ்சும். கரையில் ஏற்றிவைத்த படகுகளின் வரிசையே அன்றைய செய்தித்தாளாக இருந்தது.

கடல் கேட்கும் கேள்வி

மேற்கூறிய அடிகள் வெளியிலிருந்து வந்தவை. இன்று கரையை வாட்டும் கேள்வியோ உள்ளிருந்து எழுவது. மீன் குறைந்து வருகின்றது என்பதைக் கரையில் எவரும் மறுப்பதில்லை. காரணம் கூறும்போதே குரல்கள் பிரிகின்றன.

வெடிவைத்து மீன்பிடித்தல் அவற்றுட் கொடியது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. வெடி பெருமீனுக்கும் குஞ்சுக்கும் வேறுபாடு காட்டாது. இறந்த மீனிற் பெரும்பகுதி அடியில் அமிழ்ந்து எவருக்கும் பயன்படாது போகும். மீனுக்கு வீடாகிய பவளப்பாறையும் நொறுங்கும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963இற் சரணாலயமாகவும் 2003இற் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அப்பவளம் வெறும் காட்சிப்பொருள் அன்று, சுற்றுக்கடலின் நாற்றுமேடை. வெடியெறிபவன் அடுத்த ஆண்டின் நாற்றைத் தீயிடுகின்றான்.

சுருக்குவலை பற்றிய வழக்கு இவ்வளவு எளிதன்று. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துப் பைபோற் சுருக்கும் வலை அது. அனுமதியோடும் உரிய கண்ணளவோடும் உரிய தூரத்திலும் இட்டால் அஃது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையே. கண்ணளவு சிறுத்து, கரைக்கு அண்மையில் இடும்போதே கேடு விளைகின்றது. செவுள்வலை தன் கண்ணுக்குப் பொருந்திய மீனை மட்டும் பிடித்து, சிறியதை விட்டுவிடும் என்று முன்னர்க் கூறினோம். சிறுகண் சுருக்குவலை அவ்வாறு எதையும் விடுவதில்லை.

இவ்வலைக்கு அனுமதி வேண்டுமென ஒருசாராரும், தடைசெய்யவேண்டுமென மற்றொருசாராரும் திருகோணமலை வீதிகளில் ஆர்ப்பாட்டஞ் செய்துள்ளனர். வேண்டுவோர் கூறுவது: கடன்பட்டு வலைவாங்கிய பல குடும்பங்கள் இதனையே நம்பியுள்ளன, தடை எல்லாக் கரைக்கும் ஒரேவிதமாக நடைமுறைப்படுத்தப்படவில்லை. எதிர்ப்போர் கூறுவது: ஒருவர் ஒரு வீச்சில் அள்ளுவதை நூறு சிறு படகுகள் ஒரு மாதம் பிடித்திருக்கும், கரைவலையின் மடி வெறுமையாகின்றது. இருவர் கூற்றிலும் பசி பேசுகின்றது. யாம் ஆராய்ந்த அளவில், சிறுமீன் கரையை அணுக விடுவதே கரைவலை இழுக்கும் ஏழைக்கும் நாளை சுருக்குவலை இடுபவனுக்கும் ஒருங்கே நன்மை. முதலை உண்டபின் வட்டிக்கு வழியில்லை. ஆயின் வலையைப் பறித்துவிட்டுக் கடனை விட்டுச்செல்லும் சட்டம் நிலைக்காது. மாற்றுவலைக்கு உதவியும், எல்லார்க்கும் ஒரே கண்டிப்பும், கரையார் தாமே இருந்து முடிவுசெய்யும் சபையும் சேர்ந்தாலன்றி இவ்வழக்குத் தீராது.

இவ்விடத்திற் கல்லூரிக்கும் ஒரு கடன் உண்டு. கடற்றொழிற் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். படிப்பு அவர்களைக் கடலிலிருந்து மீட்கும் ஏணி என்றே நாம் பெரும்பாலும் எண்ணிவந்தோம். கடலையே விளங்கிக்கொள்ளும் படிப்பும் அவர்களுக்கு வேண்டும், நமக்கும் வேண்டும். பூகோள ஆசிரியர் மாணவரை ஒரு காலை ஏலத்துக்கு அழைத்துச் செல்லலாம். விலங்கியல் மாணவர் கரையில் இறங்கும் மீனின் நீளத்தை மாதந்தோறும் அளந்து பதியலாம். சில ஆண்டுகளில் அப்பதிவு மேற்கூறிய வழக்கிற் சாட்சியாகும். தமிழ் மாணவர் அம்பாப் பாட்டுகளையும், காற்றுக்கும் வலைக்கும் மீனுக்கும் கரையார் வழங்கும் சொற்களையும் முதியோர் வாயிலாகத் தொகுக்கலாம். கணக்கியல் கற்ற பழைய மாணவர் ஒரு சங்கத்தின் ஏட்டைச் சீர்செய்து கொடுக்கலாம். இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை.

நம் கல்லூரியின் நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், நாம் உண்டு வளர்ந்த உணவின் ஒரு பாதியை இக்கடல் தந்தது என்பதை நினைவுகூர்தல் தகும். பெருங்கப்பல்கள் வருவதும் போவதும் பிறர் கையில் உள்ளது. சிறு படகு நாளையும் மீனோடு திரும்புமா என்பது ஓரளவு நம் கையிலும் உள்ளது.